அனாமத்துக்கு ஓர் இடம்

வரவு செலவு எழுதும் செயலிகளைச் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன ஆவணியில் உங்களில் ஆறு பேர் என்னைக் கோவைக்கு வரச்சொல்லி, ஒரு மாடி அறையில் உட்காரவைத்து, நல்ல ஃபில்டர் காபி கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏனுங்கக்கா, நாப்பத்தி மூணு நாள் ஒரு நாள் விடாம எழுதியிருக்கீங்க. அப்புறம் பொட்டுனு நிறுத்திட்டீங்க. என்ன ஆச்சுங்க?" நான், "நேரம் கிடைக்கலைங்க தம்பி" என்றேன். மூலையில் இருந்த பொண்ணு அதை லேப்டாப்பில் தட்டிக்கொண்டாள். திருப்பூர் பஸ்ஸில் ஏறி, கருமத்தம்பட்டி தாண்டும்போதுதான் எனக்கே உறைத்தது, சொன்னது பொய் என்று.

அந்தப் பொய்யின் விளைவை இரண்டு மாதம் கழித்து என் ஃபோனில் பார்த்தேன். புதுப் பதிப்பு வந்திருந்தது. மூன்று தட்டில் எழுதியதை இரண்டு தட்டில் எழுதலாம். குரலில் சொன்னாலே போதும் என்று ஒரு மைக் படமும் முளைத்திருந்தது. பாவம், என் 'நேரமில்லை'க்கு ராத்திரி பகலாக உட்கார்ந்து மருந்து அரைத்திருக்கிறீர்கள். நோய் வேறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் ஆறு பேருக்கு மட்டும் என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு முடித்திருப்பேன். சென்னையிலும் மதுரையிலும் பெங்களூரிலும் இதே செயலியை வேறு வேறு நிறத்தில் செய்துகொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் 26 வருடமாகக் கணக்கு பார்ப்பவள். நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிப் பழகி, பிறகு கணினியில் டேலிக்கு மாறியவள். கணக்கு எழுத எனக்குச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. என் ஃபோனில் இதுவரை நான்கு செலவுச் செயலிகள் வந்து போயிருக்கின்றன. நான்கையும் பாதியில் விட்டேன். கம்பெனிக் கணக்கை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. அதே ஆள், அதே கை. அங்கே நடக்கிறது இங்கே ஏன் நடக்கவில்லை என்று பஸ்ஸில் யோசித்தபடி வந்தேன்.

நடந்தது இதுதான். நாற்பத்து நான்காம் நாள் விடியற்காலை என் மாமனாருக்கு மூச்சுத் திணறல். தூக்கிக்கொண்டு ஓடினோம். 11 நாள் ஆஸ்பத்திரி. முன்பணம், ஸ்கேன், ராத்திரி இரண்டு மணிக்கு எழுதிக் கொடுத்த ஊசி, ஆட்டோ, வார்டில் கூட இருந்தவருக்கு டிபன், பார்க்க வந்த உறவுக்காரர்களுக்குக் காபி. நடுவில் நாத்தனாரிடம் 20,000 ரூபாய் கைமாற்று. பன்னிரண்டாம் நாள் ராத்திரி, மாமனார் தூங்கிய பிறகு, இனியாவது எழுதிவைப்போம் என்று உங்கள் செயலியைத் திறந்தேன். முதலில் வந்தது, அணைந்துபோன ஒரு தீப்பந்தம்: "உங்கள் 43 நாள் தொடர் முறிந்துவிட்டது." அதற்குக் கீழே, பேங்க் செய்திகளைப் படித்து அதுவாகவே போட்ட சிவப்பு வளையம்: "மருத்துவம்: வரம்பைவிட 640 சதவீதம் அதிகம்." அதற்கும் கீழே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓர் உண்டியல் பொம்மை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார். அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. மூடி வைத்தேன், அதோடு சரி. மாமனார் தேறி வந்துவிட்டார், இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். செயலிதான் தேறவில்லை.

தொடர் எண்ணிக்கையை நீங்கள் மொழி கற்றுக்கொடுக்கும் செயலிகளிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் சின்னவன் டுவோலிங்கோவில் ஜப்பானிய மொழி படிக்கிறான், அவனுக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு நாள் ஜப்பானியம் படிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பணக் கணக்கு அப்படி இல்லை. எழுத முடியாமல் போகிற நாள்கள் எவை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, வீடு மாற்றும் நாள், பழனி பாதயாத்திரை. பணம் தண்ணீராக ஓடுகிற நாள்களில்தான் பேனாவை எடுக்க நேரமிருக்காது. அந்த நாள்கள் முடிந்து ஓய்ந்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி மதிப்பெண் சொன்னால் அவர் ஏன் உள்ளே வருவார்?

கெட்ட சேதியைப் பார்க்காமல் ஒதுங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குப் பொருளாதாரக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். மண்ணில் தலையைப் புதைத்துக்கொள்வதாகச் சொல்லப்படும் பறவையை வைத்து, 'நெருப்புக்கோழி விளைவு' என்று. கார்ல்சன், லோவன்ஸ்டைன், செப்பி என்ற மூவர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பங்குச் சந்தை ஏறும்போது முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள், இறங்கும்போது பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். பார்க்காததால் நஷ்டம் குறையப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் பார்ப்பதில்லை. பங்கு வாங்கும் அளவுக்குப் பணம் உள்ளவர்களே இப்படி என்றால், கைமாற்று வாங்கிவிட்டு வந்திருக்கும் என்னிடம் சிவப்பு வளையம் காட்டுவது எதற்கு?

இப்போது கம்பெனிக் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை ராத்திரி பெட்டி கேஷ் இடித்தது. 370 ரூபாய் குறைவு. சம்பளப் பட்டுவாடா முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் வவுச்சர்களைக் கூட்டுகிறேன், திரும்பக் கூட்டுகிறேன், மேசை இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது. என் கையிலிருந்து போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கள் பெரிய கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இடிச்சா இடிச்சுட்டுப் போகுது. அனாமத்துல எழுதிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போ அம்மிணி. ஞாபகம் வர்றப்ப வரும்." எழுதிவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை டெம்போ ஒன்று வந்து நின்றதும் ஞாபகம் வந்தது: வெள்ளிக்கிழமை மதியம் பண்டல் ஏற்றுக்கூலி, 370. வவுச்சர் போட மறந்திருக்கிறேன். அனாமத்திலிருந்து எடுத்து ஏற்றுக்கூலியில் எழுதினேன், முடிந்தது.

அனாமத்துக் கணக்கு என்றால் உங்களில் காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், பதினோராம் வகுப்புப் பாடத்திலேயே வரும். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஊரில், கேட்பாரில்லாமல் கிடக்கும் பொருளை "அனாமத்தாக் கிடக்குது" என்கிறோமே, அதே சொல். இன்ன செலவு என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக உட்காரவைக்க ஒரு திண்ணை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணக்கு எழுதுவதே தொழிலாகக் கொண்டவர்கள், அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள், தங்களுக்கு மறதி வரும் என்று ஒப்புக்கொண்டு அதற்கென்று பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பதால்தான் மறுநாள் நாள்வழி தொடர்கிறது. நீங்களோ நாள் முழுவதும் மெஷினில் உட்கார்ந்து தைத்துவிட்டு வரும் ஒருத்திக்கு, கணக்குப்பிள்ளைக்கே இல்லாத ஞாபக சக்தி இருக்கும் என்று நம்பிச் செயலி செய்கிறீர்கள்.

ஆகவே என் முதல் விண்ணப்பம். 11 நாள் கழித்து ஒருவர் வந்தால், விட்டுப்போன 11 நாளையும் வரிசையாக நிரப்பச் சொல்லாதீர்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்போது கையிலும் பேங்கிலும் சேர்த்து எவ்வளவு இருக்கிறது?" உதாரணத்துக்கு, கடைசியாக எழுதிய அன்று இருப்பு 18,400. இன்று 11,150. நடுவில் வரவு ஏதும் இல்லை. 7,250 போயிருக்கிறது. அதில் 5,900 இன்னதற்கு என்று பேங்க் செய்திகளிலிருந்து உங்களுக்கே தெரிகிறது. மீதி 1,350 ரூபாயை அனாமத்தில் எழுதிவிட்டு, இன்றையப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். இரண்டு நாள் கழித்து எனக்கு ஞாபகம் வந்தால் எடுத்து மாற்றிக்கொள்கிறேன். வராவிட்டால் அங்கேயே கிடக்கட்டும். வருடக் கடைசியில் அனாமத்து மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதும் ஒரு படிப்பினைதான், அதை நான் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் ஒய்நாப் என்று ஒரு செயலி இருக்கிறது. ஜெஸ்ஸி மெக்கம் என்பவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கல்யாணமான தன் வீட்டுக்காக ஒரு விரிதாளில் போட்ட கணக்கு, 2004இல் விற்பனைக்கு வந்தது. இன்னும் ஓடுகிறது. அதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். துணிக்கு ஒதுக்கியது போதவில்லையென்றால், சாப்பாட்டுக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்துப் போடுவதை அது குற்றமாக நினைப்பதில்லை, அதுதான் பட்ஜெட் என்கிறது. இன்னொன்று, எல்லாம் குழம்பிப்போனால் பழைய ஏட்டை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அதே தலைப்புகளோடு புதிதாகத் தொடங்க ஒரு பொத்தான். நம்மூர் வியாபாரிகள் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவி, மேலே 'உ' போட்டுப் புதுக்கணக்கு எழுதுவார்களே, அதே காரியம். 2014இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடப் பிறப்பு, பிறந்த நாள் போன்ற நாள்களை ஒட்டி ஜனங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது என்று காட்டியது. தை ஒன்று, சித்திரை ஒன்று, ஆயுத பூஜை என்று நமக்கு நாள்களுக்கா பஞ்சம்? விட்டுப்போனவர்களை ஜனவரி 17ஆம் தேதி சாயங்காலம் "உங்களைக் காணவில்லையே!" என்று கூப்பிடுவதைவிட, தைப் பொங்கல் அன்று "புதுக்கணக்கு எழுதலாமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

தினமும் வரவைப்பதில் உங்களுக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு உங்கள் மாடி அறைச் சுவரில் இருந்த பலகையில் 'தினசரி பயனாளர்' என்று ஒரு கோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நம்மூரில் 40, 50 வருடம் விடாமல் எழுதப்பட்டு, அப்பா காலமானால் மகன் கைக்கு வருகிற ஒரு கணக்கு ஏடு இருக்கிறது. மொய் நோட்டு. புதுக்கோட்டைப் பக்கம் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர்ப் பக்கம் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி ஆவணி வந்தால் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவார்கள். அங்கே அது பெரிய பணப் புழக்கம். எங்கள் கொங்குப் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு நோட்டு உண்டு. முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. அந்த நோட்டை யார் தினமும் திறக்கிறார்கள்? பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மாதக்கணக்காகக் கிடக்கும். ஒரு பத்திரிகை வந்து விழுந்ததும் எடுத்துப் புரட்டுவார்கள். "இவங்க நம்ம பெரியவன் காது குத்துக்கு எவ்வளவு செஞ்சாங்க?" கேள்வி முதலில் பிறக்கிறது, அப்புறம்தான் நோட்டு திறக்கிறது. பதில் அதில் இருக்கும் என்று நம்பிக்கை இருப்பதால் கை தானாக அங்கே போகிறது.

உங்கள் செயலியில் எனக்குக் கேள்வியே கிடையாது. நான் பதிவு செய்துகொண்டே போக வேண்டியது, அது படம் வரைந்துகொண்டே இருக்க வேண்டியது. வட்டப்படம் ஒன்று, தூண்படம் ஒன்று. சாப்பாட்டுக்கு 38 சதவீதம் என்று வட்டப்படம் சொல்கிறது. சரி, அதை வைத்து நான் என்ன செய்ய? எனக்கு உண்மையாகவே வரும் கேள்விகளைச் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை வரைக்கும் கையில் இருப்பது காணுமா? போன ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது மொத்தம் எவ்வளவு ஆயிற்று? கேஸ் சிலிண்டர் கடைசியாக என்றைக்கு வந்தது? நாத்தனாருக்குக் கொடுத்தது போக இன்னும் எவ்வளவு பாக்கி? இவற்றுக்கு ஒரு வரியில் பதில் வந்தால், மாதத்துக்கு நான்கு தடவை திறந்தாலும் பத்து வருடம் வைத்திருப்பேன்.

அம்மா வீட்டில் பால் கணக்கு காலண்டரில் இருந்தது. தினம் அரை லிட்டர் வாடிக்கை. அதை அம்மா ஒரு நாளும் எழுதியதில்லை. பால் வாங்காத நாளில் பெருக்கல் குறி, விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கிய நாளில் '1' என்று ஓர் எண். மாதக் கடைசியில் பால்காரர் வந்தால் இரண்டு நிமிடத்தில் கணக்கு முடியும். வழக்கமாக நடப்பது எழுதாமலே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், மாறியதை மட்டும் குறித்தால் போதும் என்ற இந்த வடிவமைப்பை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள் அம்மாவுக்கு? வாடகை, பால், கேபிள், டியூஷன், பஸ் பாஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு மாதமும் நான் ஏன் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

"அக்கா, இப்ப எல்லாம் தானாவே வந்துடும், நீங்க எழுதவே வேண்டாம்" என்று உங்களில் ஒருவர் அன்றே சொன்னார். அங்கேதான் பெரிய ஓட்டை. 2016இல் யூபிஐ வந்த பிறகு, பூக்கடையிலிருந்து கூழ்க்கடை வரை ஸ்கேன் செய்கிறோம், வாஸ்தவம். ஆனால் பேங்கிலிருந்து வரும் செய்தியில் என்ன இருக்கிறது? காய்கறி வண்டிக்காரர் அட்டையில் அவர் மருமகன் பெயர். பேக்கரிக்கு நீளமாக ஓர் எண். 340 ரூபாய் யாரோ ஒருவருக்குப் போயிருக்கிறது, அது வெங்காயமா, ரவிக்கை தைத்த கூலியா என்று மூன்று நாள் கழித்து எனக்கே தெரியாது. இன்னொன்று: 2024இல் ஒரு பெரிய தனியார் வங்கி, நூறு ரூபாய்க்குக் கீழே போகும் யூபிஐ செலவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்திவிட்டது. 2022 செப்டம்பரில் வந்த யூபிஐ லைட்டில், உள்ளே போட்ட தொகை மட்டும் பேங்க் அறிக்கையில் ஒற்றை வரியாக வரும். அதிலிருந்து குடித்த டீயும் வாங்கிய வாழைப்பழமும் அங்கே வராது. எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பியிருக்கும் செயலிக்கு டீக்கடை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாகச் சம்மதம் கேட்டு பேங்க் விவரங்களை நேராக எடுக்கலாம்தான், ஆனால் அந்தக் கதவு முறைப்படுத்தப்பட்ட நிதி நிறுவனங்களுக்குத்தான் திறக்கிறது. திறந்தாலும் தொகைதான் வரும், எதற்கு என்பது வராது.

தானாக வருவதெல்லாம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஐந்து பேர் சாப்பிட்டோம், 1,500 ரூபாய் பில்லை நான் கொடுத்தேன், நான்கு பேர் ஆளுக்கு 300 திருப்பி அனுப்பினார்கள். செயலி என்ன எழுதியது தெரியுமா? ஓட்டல் செலவு 1,500, வருமானம் 1,200. அந்த மாதம் என் வருமானம் உயர்ந்திருக்கிறது என்று வாழ்த்தும் சொன்னது! நாத்தனார் தந்த கைமாற்று 20,000 அதற்கு வரவு, திருப்பிக் கொடுக்கும்போது செலவு. கைமாற்று இரண்டும் இல்லை. ஏலச்சீட்டுக்குக் கட்டும் பணம் செலவா, சேமிப்பா? சீட்டை எடுக்கும்வரை சேமிப்பு, எடுத்த பிறகு கடன் தவணை. நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, மகளிர் குழுச் சந்தா, மொய், முளைப்பாரிக்கு வரி. ஒரு தமிழ் வீட்டின் பணத்தில் இவை இல்லாத மாதம் எது? உங்கள் பட்டியலில் 'பொழுதுபோக்கு' இருக்கிறது, 'செல்லப்பிராணி' இருக்கிறது. கைமாற்றுக்கு இடமில்லை.

என் யோசனை நடுவழியாக ஒன்று. தொகையை மெஷின் எழுதட்டும். 'எதற்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் நான் எழுதுகிறேன், என் சொல்லில். ஜப்பானில் கக்கேபோ என்று வீட்டுக் கணக்குப் புத்தகம் உண்டு. ஹானி மோதோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் கொண்டுவந்தது, 120 வருடம் தாண்டியும் அங்கே எழுதுகிறார்கள். கையால் எழுதுவதுதான் அதன் உயிர். எழுதும்போதே மனசு ஒரு தடவை நின்று பார்க்கிறது. அந்த ஒரு நொடியைப் பிடுங்கிவிட்டால், யாரோ வேறு ஒருத்தியின் செலவைப் படிப்பதுபோல்தான் இருக்கும். தலைப்புகளையும் தயவுசெய்து எங்களிடம் விட்டுவிடுங்கள். என் பழைய நோட்டில் இருந்த தலைப்புகள்: பெரியவன், சின்னவன், அம்மாவுக்கு, வண்டி, நல்லது கெட்டது. கடைசியில் சொன்னது புரிகிறதுதானே? விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போய்வருகிற செலவு. அதை உங்கள் செயலியில் நான் 'இதர' என்பதில் போட வேண்டியிருந்தது. வருடத்தில் பெரிய செலவே அதுதான்.

மாதம் ஒன்றாம் தேதி தொடங்குகிறது என்பதும் உங்கள் ஊர் வழக்கம், எங்கள் ஊர் வழக்கம் இல்லை. எனக்கு மாதச் சம்பளம், ஏழாம் தேதிக்கு மேல். வீட்டுக்காரர் பிரிண்டிங் பட்டறையில், அவருக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஒரு வாரம் ஆறு ஷிப்ட், ஒரு வாரம் ஒன்பது, ஆர்டர் இல்லாவிட்டால் மூன்று. இந்த வீட்டுக்கு மாத பட்ஜெட் போடச் சொன்னால் எந்த எண்ணைப் போடுவது? வந்த பணத்தை வைத்து, அடுத்து பணம் வரும் நாள் வரைக்கும் திட்டம் போட விடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் சொல்லியாக வேண்டும். சிறுவாடு. வீட்டுப் பெண்கள் செலவுப் பணத்திலிருந்து மிச்சம் பிடித்து யாருக்கும் தெரியாமல் சேர்த்துவைக்கும் பணம். எத்தனையோ வீட்டில் பிள்ளையின் காலேஜ் ஃபீஸைக் கட்டியது அதுதான். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புடவை மடிப்பிலும் பருப்பு டப்பாவிலும் இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே வைக்கவேண்டி வந்ததில், எங்கள் தெருவில் பல வீட்டில் ஒரே சிரிப்பும் ஒரே சண்டையும். உங்கள் செயலியில் 'குடும்பக் கணக்கு' என்று ஒன்று போட்டு, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் எல்லாம் தெரியும்படி செய்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீட்டில் ஃபோனே ஒன்றுதான், அது பிள்ளை கையில் கேம் விளையாடுவதற்குப் போகும், மாமியார் கையில் வீடியோ கால் பேசப் போகும். பொதுவில் காட்டுவதற்கு ஒரு பக்கம், எனக்கு மட்டும் ஒரு பக்கம், இரண்டும் வேண்டும். இரண்டாவது பக்கம் இருப்பதே முகப்பில் தெரியக்கூடாது.

கடைசியாக, உங்கள் பிழைப்பைப் பற்றி. செயலி இலவசம். அப்படியென்றால் சோறு எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் மின்ட் என்று இலவசச் செயலி, 2007இல் தொடங்கியது. 2009இல் இன்ட்யூட் நிறுவனம் 17 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கிரெடிட் கார்டும் கடனும் சிபாரிசு செய்து வரும் வருமானத்தில் ஓடியது. 2024 மார்ச்சில் இழுத்து மூடிவிட்டார்கள். நம் நாட்டில் எஸ்எம்எஸ் படித்துக் கணக்கு எழுதிய வால்நட் செயலியை 2018இல் வாங்கியது கேபிடல் ஃப்ளோட், கடன் கொடுக்கும் நிறுவனம். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. ஆனால் என் கணக்கில் பணம் குறைகிற நாளை மிகச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர், அன்றைக்கென்று பார்த்து "உடனடிக் கடன் வேண்டுமா?" என்று கேட்டால் எனக்கு அவர் கணக்குப்பிள்ளையாகத் தெரியமாட்டார். கடன் செயலிகள் ஃபோனில் இருக்கும் எண்களை எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் பேசி மானத்தை வாங்கிய கதைகள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் ஃபோனிலுள்ள கோப்புகளையும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டதே அதனால்தான். நீங்கள் கடன் கொடுப்பவர்கள் இல்லை என்றாலும், 'எஸ்எம்எஸ் படிக்க அனுமதி' என்ற அந்தக் கட்டம் திரையில் வந்ததும் எங்கள் கம்பெனியில் மெஷினில் உட்காரும் பொண்ணு ஒருத்தி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஏன் கேட்கிறீர்கள், எதைப் படிப்பீர்கள், எதைப் படிக்கமாட்டீர்கள் என்று அந்த இடத்திலேயே நான்கு வரி நல்ல தமிழில் எழுதுங்கள். 'பரிவர்த்தனைத் தரவு அணுகல்' என்று எழுதினால் அவளுக்கும் புரியாது, எனக்கும் பயம் வரும். மாதம் 30 ரூபாய் கேளுங்கள், தருகிறேன். பேப்பர்காரருக்கும் கேபிள்காரருக்கும் தருகிறவள்தானே.

இவ்வளவு சொன்னபிறகு, நான் இப்போது கணக்கு எழுதுகிறேனா என்று கேட்பீர்கள். எழுதுகிறேன். கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த டைரியில். ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'அனா. 1,350' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். அதில் இரண்டு கஷ்டம்: போன ஜூன் செலவைத் தேட அரை மணி நேரம் ஆகிறது, கூட்டல் நானே போட வேண்டியிருக்கிறது. அந்த இரண்டையும் உங்கள் செயலி நொடியில் செய்யும் என்பதால்தான் இன்னும் அதை ஃபோனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிப்பு தயாரானதும் கூப்பிடுங்கள், வருகிறேன். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சம்பளப் பட்டுவாடா இருக்கும்.

அன்புடன்,
திருப்பூர்க் கணக்குக்கார அக்கா